மண்டியிட்டுப் பார்க்கும் பூ

14, கில்ன் தெரு, ஸ்கெல்பி
26 மே 2013

அன்புள்ள லியான்,

அப்பா எழுதுகிறேன். சாப்பாடு ஒழுங்காகப் போடுகிறார்களா? தூங்குகிறாயா? எனக்கு முழங்காலைத் தவிர வேறு புகார் இல்லை. காது அப்படியேதான் இருக்கிறது. கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் இரும்புத் தகட்டை அடித்தவனுக்கு அது இனி திரும்பப் போவதில்லை.

உன் அம்மாவின் ஹெலபோர் பூச்செடிகள் விதை முற்றி நிற்கின்றன. பதினொன்றும் நலம். கறுப்புச் செடியைப் பற்றித்தான் முதலில் கேட்பாய் என்று தெரியும். பிழைத்துவிட்டது. தெருவை அளக்க வந்த அந்த ஆள் குச்சியை அடித்த பக்கம் அழுகிப்போனது. மறுபக்கம் நான்கு புது இலை வந்திருக்கிறது. குச்சியை யாரும் தொடக்கூடாது என்று கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டேன்.

நீ மண்வெட்டியால் அடித்தாயே, அந்த ஆளுக்குத் தோள் எலும்பு கூடிவிட்டதாம். இப்போது அடுத்த தெருவை அளந்துகொண்டிருக்கிறான். உனக்கு இரண்டு வருஷம் போட்ட நீதிபதிக்கு இதை யாராவது சொன்னால் தேவலை.

நம் தெருவில் இன்னும் ஐந்து வீட்டில் விளக்கு எரிகிறது. மற்றதற்கெல்லாம் ஜன்னலில் இரும்புத் தகடு அடித்துவிட்டார்கள். வீட்டை விட்டுக்கொடுக்கக் கையெழுத்துக் கேட்டு வாரம் ஒருவர் வருகிறார். நீ கேட்டுக்கொண்டபடி, கதவைத் திறப்பதோடு சரி.

விதைகளை ஈரத் தாளில் சுற்றி இதோடு வைத்திருக்கிறேன். ஈரம் போவதற்குள் மண்ணில் போடு. காய்ந்துவிட்டால் அவை வருஷக்கணக்கில் தூங்கும் என்று அம்மா சொல்வாள்.

தைரியமாக இரு.

உன் அப்பா,
ஹெட்லி ஆர்க்லெஸ்


பெண்கள் சிறை, C பிரிவு
14 ஜூன் 2013

அன்புள்ள அப்பா,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்காலுக்கு அந்தத் தைலத்தை இரண்டு வேளையும் தேய்க்கிறீர்களா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

விதை வந்தது, ஆனால் என் கைக்கு வரவில்லை. ஒரு சீட்டு மட்டும் கொடுத்தார்கள்: 'நச்சுத் தாவரம். நிறுத்தி வைக்கப்பட்டது.' என் அறையில் பெவ் என்று ஒருத்தி இருக்கிறாள். குழந்தைப் பால்பவுடர் டப்பா திருடியதற்காக நான்காவது முறை உள்ளே வந்தவள். சீட்டைப் படித்துவிட்டுச் சிரிசிரியென்று சிரித்தாள். "ஏண்டி, யாருக்கு விஷம் வைக்கப் பாத்தே? இங்க சமையல்காரன் அந்த வேலைய ஏற்கெனவே நல்லாத்தான் பண்ணிட்டிருக்கான்!"

பால்பவுடர் திருடினால் சிறை. ஒரு தெருவையே திருடினால் அதற்குப் பெயர் வளர்ச்சித் திட்டம். கடலைப் பார்த்துக் கண்ணாடி வீடு கட்டுவார்களாம், நம்மை எடுத்து எங்கேயாவது அடுக்கிவைப்பார்களாம். அப்பா, நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். நான் இங்கே இருப்பதற்கு ஒரு அர்த்தம் வேண்டும்.

எனக்குத் தோட்டத்தில் வேலை போட்டிருக்கிறார்கள். வடக்கு மதில் ஓரம் நிழலாக, ஈரமாக ஒரு பாத்தி இருக்கிறது. நம் சேப்பல்காரிகளுக்கு ஏற்ற இடம். ஹெலபோருக்கு அம்மா வைத்த அந்தப் பெயரை இங்கே பெவ்வுக்குச் சொல்லிக் கொடுத்தேன். "சேப்பல்ல தொப்பி போட்டுக்கிட்டு ஜெபத்துல தலைய குனிஞ்சிட்டு நிக்கிறவளுங்க மாதிரியே இருக்குதுங்க. உள்ள என்ன நெனைக்கிறாளுங்கன்னு மண்டி போட்டுப் பாத்தாத்தான் தெரியும்." அம்மா மாதிரியே பேசிக் காட்டினேன். பெவ், "உங்கம்மாவ எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.

ஜாக்கிரதையாக இருங்கள்.

உங்கள் லியான்


14, கில்ன் தெரு
21 ஜூலை 2013

அன்புள்ள மகளுக்கு,

வெயில் உன் பக்கமும் இப்படித்தான் அடிக்கிறதா? இங்கே காலையில் கடல் மூட்டம் வந்து தெருவை மூடுகிறது, பத்து மணிக்கு விலகுகிறது. தைலம் தேய்க்கிறேன். பொய் சொல்லவில்லை.

போன மாதம் மூன்று ரயில் மாறி உன்னைப் பார்க்க வந்தேனே, அதைப் பற்றி எழுத வேண்டும் என்றிருந்தேன். பட்டறைச் சத்தத்தில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவன் நான். ஆனால் நீ அழாமல் இருப்பதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டே பேசினாய். ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். நீ எதற்காவது என்னிடம் சம்மதம் கேட்டிருந்தால், அதை எழுதியும் கேட்டுவிடு.

எதிர்வீட்டு ராய் டின்ஸ்லி போய்விட்டான். வேனில் ஏறும்போது என்னிடம் வந்தான். "ஹெட்லி, நீ ஒத்தையா உக்காந்து எதைக் காவல் காக்கப்போறே?"

"செடிய" என்றேன்.

"செடி ஓடிப்போயிடாது. நீதான் ஒருநாள் மாடிப்படியில உருண்டு கெடப்பே. சத்தம் போட்டாலும் கேக்கறதுக்கு ஆள் இல்ல. யாராச்சும் பதிலுக்குக் கத்தினாலும் உனக்குக் கேக்காது."

அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். நாற்பது வருஷம் என்னோடு சீட்டாடியவன், ஒரு தடவைகூடத் தோற்றதை ஒப்புக்கொள்ளாதவன், கையெழுத்துப் போட்ட வெட்கத்தில் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

இப்போது நானும் கடைசி வீட்டு அம்மாவும்தான். தபால்காரப் பெண் எங்கள் இரண்டு பேருக்காகத் தெரு முழுக்க நடந்து வருகிறாள். உன் கடிதம் இல்லாத நாளிலும் வந்து கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறாள். நல்ல பெண்.

உன் கடிதத்தில் சோப்பு வாசம் அடிக்கிறது. சுத்தமாக வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

நல்லபடியாக இரு.

அப்பா


பெண்கள் சிறை, C பிரிவு
2 செப்டம்பர் 2013

அப்பாவுக்கு,

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், எடைகூட ஏறியிருக்கிறது. உங்களைப் பற்றித்தான். கடைசி வீட்டு அம்மா போய்விட்டாரா?

நல்ல செய்தி ஒன்று. பாதித் தண்டனை கழிந்து மார்ச் ஏழாம் தேதிதான் என் விடுதலை. ஆனால் காலில் மின்பட்டை கட்டி நவம்பரிலேயே வீட்டுக்கு அனுப்ப வழி இருக்கிறது. ராத்திரி வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு ஒரு முகவரி வேண்டும். நம் முகவரியைக் கொடுத்துவிட்டேன். ஒரு அதிகாரி வந்து பார்ப்பார். பட்டைக்குரிய பெட்டியை வைக்க மின்சாரம் இருக்கிறதா, எனக்கென்று ஒரு அறை இருக்கிறதா என்று கேட்பார். என் அறையைக் காட்டுங்கள். காதுக் கருவியை மாட்டிக்கொள்ளுங்கள். தெருவைப் பற்றித் திட்டாதீர்கள், அதை நான் வந்து திட்டிக்கொள்கிறேன். டீ போட்டுக் கொடுங்கள்.

யோசித்துப் பாருங்கள். நவம்பரில் வந்துவிட்டால் பழைய இலைகளை நானே வெட்டிவிடுவேன். சேப்பல்காரிகள் தலை காட்டும்போது நான் பக்கத்தில் இருப்பேன். உறைபனி விழுந்த காலையில் எல்லாம் செத்ததுபோல் மண்ணில் சாய்ந்து கிடக்குமே, நான் சின்ன வயதில் அழுவேனே. "மத்தியானம் வரைக்கும் பொறு, அப்புறம் அழு" என்பாள் அம்மா. மத்தியானம் எழுந்து நிற்கும்.

அதிகாரி வந்ததும் உடனே எழுதுங்கள். என்ன சொன்னார், முகம் எப்படி இருந்தது, எல்லாம்.

காத்திருக்கிறேன்.

லியான்


14, கில்ன் தெரு
3 நவம்பர் 2013

அன்புள்ள லியான்,

உன் உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். இரண்டு மாதம் எழுதாததற்கு மன்னித்துவிடு. இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது பரவாயில்லை.

அதிகாரி வந்தார். டீ குடித்தார். எழுதிக்கொண்டு போனார்.

ஒரு சந்தேகம். ஹெலபோரை ரொம்ப ஆழமாக நட்டால் பூக்காது என்று அம்மா எப்போதாவது சொல்லியிருக்கிறாளா? சும்மா ஞாபகம் வந்தது, கேட்டேன்.

கடிதத்தை வழக்கமான முகவரிக்கே எழுது.

அப்பா


பெண்கள் சிறை, C பிரிவு
17 நவம்பர் 2013

அப்பா,

இடுப்பு எப்படி இருக்கிறது? குனிந்து வேலை செய்யாதீர்கள்.

மின்பட்டை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டேன். 'முகவரி பொருத்தமற்றது.' இரண்டே வார்த்தை. ஏன் பொருத்தமில்லை என்று கேட்டேன். அந்தத் தாளில் அதற்கு மேல் இடமில்லையாம். முப்பத்தைந்து வருஷம் நாம் வாழ்ந்த வீடு, அம்மா செத்த வீடு, பொருத்தமற்றது. அவர்களே தெருவிளக்கை அணைப்பார்கள், அவர்களே தகடு அடிப்பார்கள், அப்புறம் வந்து பார்த்து, அய்யோ தெரு பாழாகிக் கிடக்கிறதே என்பார்கள். எனக்கு அன்றைக்குக் கையில் மண்வெட்டி இல்லாதது நல்லது.

அதிகாரி டீ குடித்தார், எழுதிக்கொண்டு போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் என்ன சொன்னார்? நான் கேட்டது அதைத்தான். இரண்டு மாதம் தபால் வரும் நேரமெல்லாம் கதவருகில் நின்றேன். பெவ் சொன்னாள், "உங்கப்பன் லவ் பண்ண ஆரம்பிச்சிட்டாரோ என்னவோ, விடு." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆழத்தைப் பற்றி: ஆமாம், சொல்லியிருக்கிறாள். வேரும் தண்டும் சேரும் இடம் மண் மட்டத்தில் தெரிய வேண்டும். புதைத்தால் இலை மட்டும் விடும், பூக்காது. மேல் மண்ணை விரலால் கிளறி எடுத்துவிட்டால் போதும். ஆனால் நம் செடிகள் முப்பது வருஷமாக ஒரே இடத்தில் இருக்கின்றன. நீங்கள் எதை நட்டீர்கள்?

பதில் போடுங்கள். இந்தத் தடவை உடனே.

லியான்


14, கில்ன் தெரு
12 ஜனவரி 2014

அன்பு மகளே,

புது வருஷம் உனக்கு நல்லது செய்யட்டும். சளி இருமல் இல்லையே?

கிறிஸ்துமஸுக்குச் சேப்பலுக்குப் போனேன். பதினாறு பேர் இருந்தோம். பாட்டு எனக்குக் கேட்கவில்லை, வாயை மட்டும் அசைத்தேன். பக்கத்தில் நின்ற அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். வேறு ஏதோ பாட்டுக்கு அசைத்திருப்பேன் போலிருக்கிறது. மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தேன்.

உன் சேதிக்கு நன்றி. விரலால் மண்ணைக் கிளறி விட்டேன். மூன்று வாரத்தில் மொட்டு! இப்போது ஏழும் பூத்திருக்கின்றன. உனக்கு இதை எப்படியாவது எழுதிவிட வேண்டும் என்று இருந்தது. முழங்கால் தொந்தரவே இல்லை இந்த வருஷம். காலையில் டீயோடு நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன், ஒவ்வொருத்தியின் முகத்தையும் நேராகப் பார்க்கிறேன். அந்த வெள்ளைக்காரிக்கு உள்ளே பச்சை நரம்பு ஓடுகிறது, தெரியுமா? கறுப்பிக்கு அடித்தொண்டையில் செம்புள்ளிகள், யாரோ பேனாவைத் தொட்டுத் தொட்டு வைத்தது போல. டீ ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். முப்பது வருஷமாக இவ்வளவு நிதானமாக நான் பார்த்ததே இல்லை.

நீயும் பார்த்திருக்க வேண்டும்.

அப்பா


பெண்கள் சிறை, C பிரிவு
19 ஜனவரி 2014

அப்பா,

நான் நலம். உங்களையும் அப்படியே கேட்கிறேன், ஆனால் இன்றைக்கு அது முக்கியமில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சந்தோஷப்பட்டேன்.

அந்தப் பூவெல்லாம் தரையிலிருந்து ஒரு அடி உயரம். குனிந்தே இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு முதுகுதான் தெரியும். நீங்கள் ஒவ்வொரு பிப்ரவரியிலும் காரின் பழைய ரப்பர் மிதியடியை மண்ணில் விரித்துக் குப்புறப் படுத்துத்தான் பார்ப்பீர்கள். அப்புறம் நானும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கிவிடுவோம். ஒரு தடவை தூக்க முடியாமல் மூன்று பேரும் சேற்றில் விழுந்து, ராய் வந்து தூக்கினார். "செடி நட்டீங்களா, ஆள நட்டீங்களா?" என்று கேட்டார்.

உட்கார்ந்தபடி முகம் தெரிய வேண்டுமென்றால் பூ உங்கள் தலைக்கு மேலே இருக்க வேண்டும். கில்ன் தெரு பதினாலாம் நம்பரில் உங்கள் தலைக்கு மேலே துணிக்கொடியைத் தவிர ஒன்றும் கிடையாது.

பதினொரு செடி. இப்போது 'ஏழும்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆழமாக நட்டால் பூக்காதா என்று கேட்டீர்கள்.

கையெழுத்துப் போட்டீர்களா? ஒரே வார்த்தையில் எழுதுங்கள். இடுப்பு, மூட்டம், தபால்காரப் பெண், எதுவும் வேண்டாம்.

லியான்


63, ஹார்வுட் டவர், ஆறாவது மாடி, ஸ்கெல்பி
23 ஜனவரி 2014

லியான்,

நீ சுகமாக இருக்க வேண்டும்.

போட்டேன்.

அப்பா


63, ஹார்வுட் டவர்
16 பிப்ரவரி 2014

அன்புள்ள லியான்,

மூன்று வாரத்துக்கு மேலாகிறது, உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சாப்பிடுகிறாயா என்று மட்டும் பெவ்வை ஒரு வரி எழுதச் சொல். நீ எழுத வேண்டாம்.

ஒரே வார்த்தை கேட்டாய், கொடுத்தேன். மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். படிக்க விருப்பமில்லையென்றால் அப்படியே வைத்துவிடு.

செப்டம்பரில் உன் மின்பட்டை அதிகாரி வந்தது நிஜம். டீ குடித்ததும் நிஜம். அதற்கு முந்தின வாரம் தெருவின் மின்சாரச் செப்புக் கம்பியை எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான். மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். 'இங்கே பெட்டி வைக்க முடியாது. வேறு வீடு இருந்தால் யோசிக்கலாம்.'

மறுநாளே கவுன்சிலின் வீட்டு அலுவலகத்துக்குப் போனேன். என் மகள் நவம்பரில் வருவாள், இரண்டு அறை உள்ள வீடு கொடுத்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் ஏதோ சொன்னார். இரண்டு என்று சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன். லியான், அந்த ஆளுக்கு வாயை மூடிய தாடி. உதடே தெரியவில்லை. திரும்பக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். மூன்றாம் முறை கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. பின்னால் வரிசை நின்றது. போட்டேன்.

சாவி கொடுத்த அன்றைக்குத்தான் கதவைத் திறந்து பார்த்தேன். ஒரு அறை. ஒருவருக்கு ஒன்று, அதுதான் விதியாம். உனக்கென்று தனி அறை இல்லாத வீட்டுக்கு மின்பட்டை கொடுக்க மாட்டார்களாம். உனக்காகப் போட்ட கையெழுத்தே உன்னை உள்ளே நிறுத்திவிட்டது. இதை எப்படி எழுதுவது? அதனால்தான் எழுதவில்லை. உன் கடிதங்கள் பழைய முகவரிக்குப் போய், தபால் ஆபீஸில் மஞ்சள் சீட்டு ஒட்டி இங்கே வந்துகொண்டிருந்தன.

செடிகளை நான்தான் தோண்டினேன். வேர் இவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நாலு முறிந்துவிட்டது. மிச்சம் ஏழையும் பெயிண்ட் வாளிகளில் வைத்து, ஒரு கைக்கு ஒன்றாக, பஸ்ஸில் நாலு நடை கொண்டுவந்தேன். டிரைவர் கேட்டான், "என்ன பெரியவரே, கல்லறைக்கா?" "ஆறாவது மாடிக்கு" என்றேன். குளிர் மேலே அதிகமாக இருக்கும் என்று பயந்து ஆழமாகப் புதைத்துவிட்டேன். பால்கனிச் சுவர் மார்பளவு. தரையில் வைத்தால் வெளிச்சம் படாது. அதனால் நம் கொல்லையில் இருந்த இரும்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அப்படித்தான் முகம் தெரிந்தது. சந்தோஷத்தில் யோசிக்காமல் எழுதிவிட்டேன். ஒருவேளை எழுதிவிட வேண்டும் என்றுதான் இருந்ததோ என்னவோ.

வீட்டை டிசம்பரில் இடித்துவிட்டார்கள். சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள். ஒன்றும் கட்டவில்லை. வேலியில் கண்ணாடி வீட்டுப் படம் மட்டும் தொங்குகிறது. படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு காபி குடிக்கிறாள். அவள் நிற்கிற இடம் நம் கழிப்பறை.

மார்ச்சில் உன்னை விடுதலையானவர்களுக்கான விடுதியில் வைப்பார்கள் என்று தெரிந்துகொண்டேன். இங்கே இரவு தங்க வேறொருவரை அனுமதிக்க மாட்டார்கள். பகலில் வரலாம். கேட்டு வைத்திருக்கிறேன். இந்தத் தடவை எழுதி வாங்கினேன்.

நீ வராவிட்டாலும் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அப்பா


பெண்கள் சிறை, C பிரிவு
2 மார்ச் 2014

அப்பா,

சாப்பிடுகிறேன். பெவ் எழுதுவதாகச் சொன்னாள், நான்தான் வேண்டாம் என்றேன்.

உங்கள் மேல் கோபம் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தாடிக்காரன் மேல் இருப்பதும், வேலியில் காபி குடிக்கிறவள் மேல் இருப்பதும், உங்கள் மேல் இருப்பதும் ஒரே அளவு இல்லை. ஆனாலும் இருக்கிறது. கடிதத்தைப் படித்த அன்றைக்குச் சுவரைக் குத்தினேன். பெவ் துண்டால் கையைக் கட்டிவிட்டுக் கேட்டாள்: "உங்கப்பன் உன்ன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகத்தான வீட்ட வித்திருக்காரு? எங்கப்பன் என்னையே வித்துக் குடிச்சான். நீ எதுக்குடி குத்தற?"

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குத் தோட்டத்தில் வேலை கொடுக்கவே இல்லை. ஒரு நாள்கூட. மண்வெட்டியால் அடித்தவளிடம் யார் மண்வெட்டி கொடுப்பார்கள்? வந்த முதல் வாரத்திலிருந்து துணி துவைக்கும் கூடத்தில்தான் இருக்கிறேன். நீங்கள் ஜூலையிலேயே சோப்பு வாசம் என்று எழுதினீர்கள். அப்போதே தெரிந்துவிட்டதா? தெரிந்தும் கேட்காமல் விட்டீர்களா? வடக்கு மதில், நிழல் பாத்தி எல்லாம் நீராவி படிந்த ஜன்னலைத் துடைத்துவிட்டுப் பார்த்தது. அங்கே ஒரு குப்பைத்தொட்டி இருக்கிறது. நீங்கள் அந்தத் தெருவில் தனியாக உட்கார்ந்து என் தோட்டத்தையாவது நினைத்துக்கொள்ளட்டும் என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை வெளியே விடுகிறார்கள். விடுதி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறதாம். என் சாமான் பட்டியலில் கையெழுத்து வாங்கினார்கள்: ஒரு கோட்டு, ஒரு சாவி, விதை உறை ஒன்று. நிறுத்தி வைத்ததைத் திருப்பித் தருவார்களாம். பத்து மாதம் அலமாரியில் காய்ந்திருக்கும். முளைக்க இரண்டு வருஷமாகலாம், மூன்றுமாகலாம். அதற்கு ஒரு வாளி மண் தயாராக வையுங்கள். மேலாக, ஆழமில்லாமல்.

சாவி பதினாலாம் நம்பருடையது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறேன். மணி அடித்தால் உங்களுக்குக் கேட்காது, கதவைத் திறந்தே வையுங்கள். கறுப்பிச் செடியை அலமாரியிலிருந்து தரைக்கு இறக்கி வையுங்கள். வாளி கனமாக இருந்தால் பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள், வெட்கப்படாதீர்கள். வெளிச்சம் இல்லாவிட்டால் பரவாயில்லை. அந்த ரப்பர் மிதியடி இன்னும் இருந்தால் பக்கத்தில் விரியுங்கள். அவளை நான் மண்டி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள். என்னைத் தூக்கிவிட ஒரு ஆள் வேண்டும்.

லியான்